முதலிடம் யாருக்கு?

தரம் பிரித்தல் ஆசிரியத் தொழிலோடு பிறந்த வழக்கம். முப்பத்தோர் ஆண்டுகளாக நாமும் விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண்களைக் கூட்டி, முதலாமவன் இன்னான், இரண்டாமவன் இன்னான் என்று வகுப்பில் உரக்கப் படித்து வந்திருக்கிறோம். கூட்டலில் பிழை இல்லையெனில் தீர்ப்பிலும் பிழை இராது என்பது நம் துணிபு. அந்தத் துணிபை ஐம்பத்தெட்டாம் வயதில் அசைத்தது, நாம் ஒரு நாளும் ஆடியறியாத ஓர் ஆட்டம் என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

2024 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் குடியிருக்கும் நம் மகள் வீட்டுக்குச் சென்று மூன்று மாதம் தங்கினோம். பதினொரு வயதுப் பேரனுக்கு ஊணும் உறக்கமும் பேஸ்பால்தான். நாம் சென்றிறங்கிய மறுநாளே, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினான். எக்காலத்திலும் தலைசிறந்த ஆட்டக்காரர் பதின்மர் என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டு எழுதியிருந்தான். "நன்னா, நீங்க வாத்தியார்தானே? இந்த வரிசை சரியான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். ஆட்டத்தை அறியாமல் ஆட்டக்காரரைத் தரம் பிரிப்பது எங்ஙனம்? ஆகவே முதலில் அவனிடமே பாடம் கேட்க அமர்ந்தோம்.

கிரிக்கெட் அறிந்த நம்மவர்க்கு இவ்வாட்டம் முற்றிலும் அயலானதன்று. ஒருவர் பந்தை வீச, மற்றொருவர் உருண்ட மட்டையால் அடிக்கிறார். சதுரமாக அமைந்த நான்கு முனைகளையும் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே மீண்டால் ஓர் ஓட்டம். அடித்த பந்து வேலியைத் தாண்டி விழுந்தால் ஓடுபவரைத் தடுப்பார் இல்லை. அதற்கு ஹோம் ரன் என்று பெயர். மட்டையாளரின் திறமையை அளக்க, சராசரி என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வாய்ப்புகளில் எத்தனை முறை தம் அடியின் வலிமையால் முதல் முனையையேனும் அடைந்தார் என்பது அதன் பொருள். முந்நூறு முறை அடைந்தவர் சிறந்தவர். பத்தில் ஏழு முறை தோற்பவரும் வீரரெனப் போற்றப்படும் ஆட்டம் இது! நூற்றுக்கு முப்பத்தைந்து பெற்றால் தேர்ச்சி என்னும் நம் பள்ளிக் கணக்கு அப்போது நினைவில் எழுந்தது.

பேரனின் பட்டியலில் முதலிடம் பேப் ரூத்துக்கு. 1914 முதல் 1935 வரை ஆடி, 714 ஹோம் ரன்கள் அடித்தவர். தொடக்கத்தில் அவர் பந்து வீச்சாளர். அத்துறையிலும் 94 வெற்றிகள் கண்டவர். 1920 இல் அவர் ஒருவரே 54 ஹோம் ரன்கள் அடித்தார். அவ்வாண்டில் இரு பெரும் லீக்குகளிலும் இருந்த 16 அணிகளுள் 14 அணிகள், அணியினர் அனைவரும் சேர்ந்தும் அத்தொகையை எட்டவில்லை. இத்தகையவருக்கு முதலிடம் தருவதில் தடையென்ன என்று நாமும் தலையசைத்தோம். அடுத்து வில்லி மேஸ், ஹாங்க் ஆரோன், டெட் வில்லியம்ஸ், டை காப் என்று வரிசை இறங்கியது. காப் 1905 முதல் 1928 வரை ஆடியவர். ஆயிரத்துக்கு 367 என்னும் அவரது சராசரியே எல்லாவற்றினும் உயர்ந்தது என்று பேரன் அடிக்கோடிட்டிருந்தான்.

அந்த மே மாத இறுதியில் ஒரு நாள், பள்ளியிலிருந்து திரும்பியவன் காலணியையும் கழற்றாமல் அத்தாளின் முன் நின்றான். "பட்டியல் தப்பாப் போச்சு நன்னா" என்றான். ஆட்டத்தின் தலைமை அமைப்பாகிய மேஜர் லீக் பேஸ்பால் தன் கணக்கேட்டைத் திருத்தி வெளியிட்டிருந்தது. காப் இரண்டாம் இடத்துக்கு இறங்க, 372 என்னும் சராசரியோடு ஜோஷ் கிப்சன் என்பார் முதலிடம் ஏறியிருந்தார். அவரது பெயரோ பேரனின் பதின்மருள் இல்லை. கிப்சன் மறைந்தது 1947 ஜனவரியில். மறைந்து 77 ஆண்டுகள் சென்றபின் ஒருவர் ஒரே நாளில் முதலிடம் எய்துவது எவ்வாறு? அதற்குள் அவர் ஒரு பந்தையும் புதிதாக அடித்துவிடவில்லையே!

விடை, அந்நாட்டின் வரலாற்றில் இருக்கிறது. 1880களின் பிற்பகுதியிலிருந்து கறுப்பினத்தவர் எவரையும் பெரிய லீக் அணிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வாறு ஒரு விதி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை; எழுதப்படாமலேயே அது அறுபதாண்டு ஆண்டது. விலக்கப்பட்டோர் தமக்கென அணிகள் அமைத்து ஆடினர். அவற்றின் தொகுப்பு அக்கால வழக்கில் நீக்ரோ லீக் எனப்பட்டது. பேருந்திலேயே பயணம், பேருந்திலேயே உறக்கம். விடுதிகள் இடம் தராத ஊர்கள் பல. லீக் ஆட்டங்கள் குறைவாதலால், வருவாய்க்காக ஊர் ஊராகச் சென்று கிடைத்தவரோடு ஆடினர். ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டங்களும் உண்டு. அங்கே ஆடியவர்களுள் ஒருவர்தாம் கிப்சன். விக்கெட் காப்பாளரைப் போல மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பற்றும் கடினமான பணியைச் செய்துகொண்டே அடியிலும் நிகரின்றி விளங்கியவர். முப்பத்தைந்தாம் வயதில் அவர் இறந்தார். அதற்கு மூன்று மாதங்கள் கழித்து, 1947 ஏப்ரல் 15 இல், ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி அந்த எழுதாத விதியை உடைத்தார். மூன்றே மாதம்!

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த அத்தகைய ஏழு லீக்குகளையும் பெரிய லீக்குகளே என்று தலைமை அமைப்பு ஏற்றது. அவற்றில் ஆடியோர் 2,300 பேருக்கு மேல். அவர்கள் அடித்ததும் வீசியதும் எங்கே பதிவாகியிருந்தன? பெருநகர நாளேடுகள் பெரும்பாலும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. கறுப்பின மக்கள் நடத்திய செய்தித்தாள்களின் பழுத்த பக்கங்களிலிருந்து, ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் முயன்று ஒவ்வோர் ஆட்டமாகத் தேடித் தொகுத்தனர். ஒரு செய்தி யார் வழியே வந்தது, இடையில் யார் விட்டுப்போனார் என்று துருவிப் பார்க்கும் பயிற்சி மதரஸாவில் ஓதியவர்க்குப் புதிதன்று. அந்த உழைப்பை எண்ணி நாம் மனமாரப் பாராட்டினோம்.

நம் மருமகன் அதை எளிதில் ஏற்கவில்லை. "மாமா, அவங்க ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய அறுபது ஆட்டம்தான் ஆடினாங்க. காப் காலத்துல நூற்றைம்பத்து நாலு. ஆட்டம் குறைஞ்சா சராசரி ஏறத்தானே செய்யும்?" என்றார். நேர்மையான கேள்வி. 1943 இல் கிப்சனின் சராசரி 466 என்று இப்போது ஏட்டில் உள்ளது. நீண்ட பருவத்தில் அவ்வுயரத்தில் நிலைத்திருத்தல் யாருக்கும் அரிது. ஆயினும் அக்கேள்வியை மறுபுறமும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பேப் ரூத்தும் காப்பும் தம் காலத்தின் சிறந்த பந்து வீச்சாளருள் ஒரு பகுதியினரை லீக் ஆட்டம் ஒன்றிலும் எதிர்கொள்ளவில்லை; அவர்கள் உள்ளே விடப்படவில்லை. அவ்வாறாயின் அவர்களது கணக்கும் ஒருவகையில் குறைக்கணக்கே அன்றோ? கிப்சனின் ஆட்டங்கள் குறைந்ததற்கு அவர் காரணமல்லர். கதவை அடைத்தவர்களே, உள்ளே வந்து ஆடிக் காட்டவில்லையே என்று கேட்பது முறையாகாது.

இவ்வுரையாடலின்போது, நாம் மதரஸாவில் ஓதிய நாளில் கையில் எடுத்த ஒரு பழைய கிதாப் நினைவுக்கு வந்தது. பஸ்ராவில் தோன்றிய இப்னு ஸல்லாம் அல்-ஜுமஹீ என்னும் பேரறிஞர், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னர், அரபுக் கவிஞர்களைத் தபகாத்துகளாக, அதாவது தரங்களாகப் பிரித்து எழுதிய நூல் அது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனி எண் தராமல், தரத்துக்கு நால்வராக வைத்தார். இம்ருல் கைஸ், நாபிஃகா, ஸுஹைர், அஃஷா ஆகியோர் முதல் தரத்து நால்வர். நான்காம் தரத்துக்கு வரும்போது அவர் ஒரு கருத்தைச் சொல்கிறார்: தரஃபா, அபீத் முதலிய இந்நால்வருக்கு உரிய இடம் முன்னோர்களுடனேதான், அறிவிப்பாளர் கைகளில் அவர்களின் பாடல்கள் சிலவே எஞ்சியமையால் பின்தங்கினர். தரம் பிரித்தவரே, தம் தராசின் குறையையும் அதே ஏட்டில் எழுதி வைத்தார்! இளமையில் அந்த வரியைக் கடந்து சென்றோம். நியூஜெர்சியில், ஒரு குளிர்பதனப் பெட்டியின் முன் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று.

ஜூன் 18 அன்று வில்லி மேஸ் தம் 93 ஆம் வயதில் மறைந்தார். பேரன் அன்று இரவு சரியாக உண்ணவில்லை. 660 ஹோம் ரன்கள் அடித்தவர். மைதானத்தின் நடுப்புறத்தைக் காப்பதில் 12 முறை தங்கக் கையுறை விருது பெற்றவர். 1954 ஆம் ஆண்டின் உலகத் தொடர் ஆட்டத்தில், தலைக்கு மேல் பறந்த பந்தைத் துரத்தி, பந்துக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டே பிடித்தார். அப்படத்தைப் பேரன் பன்முறை காட்டினான். பன்முறையும் நாம் வியந்தோம். மேஸ் பதின்ம வயதில் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் என்னும் நீக்ரோ லீக் அணியில் தொடங்கியவர். 1948 இல் அங்கே அவர் அடித்த பத்து அடிகளும் அந்த மே மாதத்தில்தான் அவர் கணக்கில் சேர்ந்தன. சேர்ந்த மூன்று வாரத்தில் அவர் கண்மூடினார்.

ஜூலையில் மருமகன் எம்மனைவரையும் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனுக்கு அழைத்துச் சென்றார். ஆட்டத்தின் புகழ் மண்டபம் அங்குள்ளது. நீண்ட கூடத்தின் இரு மருங்கிலும் வெண்கலத் தகடுகள். 1936 இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் ஐவர் தேர்ந்தனர். 226 வாக்குகளில் 222 பெற்று முதலில் நின்றவர் காப். பேப் ரூத்துக்கும் ஹோனஸ் வாக்னருக்கும் 215. ரூத் ஆடியதைக் கண்ணால் கண்டவர்களே காப்பை முன்வைத்தனர். 1969 இல் நடந்த நூற்றாண்டு விழாக் கணிப்பிலோ ரூத்தே தலைசிறந்தவர் எனப்பட்டார். அவ்விருவரும் ஆடி முடித்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. மாறியவர்கள் மதிப்பிட்டவர்களே.

கிப்சனின் தகடு 1972 இல் வைக்கப்பட்டது. அதில், லீக் ஆட்டங்களிலும் வெளி ஆட்டங்களிலுமாக ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் அடித்தார் என்று பொறித்துள்ளனர். லீக் கணக்கில் ஏறியவை 200க்கும் குறைவு. எஞ்சியவை சிற்றூர் மைதானங்களின் புல்லில் மறைந்தன. தகடு எழுந்தபோதும் பிட்ஸ்பர்க் நகரில் அவர் அடங்கிய இடத்தில் பெயர்க்கல் இல்லை. 1975 இல்தான் ஒரு சிறு கல் வைக்கப்பட்டது.

அவருக்கு அங்கே இடம் கிடைக்க வழி திறந்தவருள் ஒருவர் டெட் வில்லியம்ஸ். 1941 இல் 406 என்னும் சராசரி எடுத்தவர். அதன்பின் ஒரு பருவம் முழுதும் ஆடி 400ஐத் தொட்டவர், நீக்ரோ லீக்குகளை நீக்கிப் பார்த்தால், பழைய இரு பெரும் லீக்குகளில் இல்லை. இரு போர்களில் பணியாற்றி ஏறத்தாழ ஐந்து பருவங்களை இழந்தவர். 1966 இல் தமக்கு அம்மண்டபத்தில் சிறப்புச் செய்த மேடையில், சாச்சல் பேஜும் ஜோஷ் கிப்சனும் ஒரு நாள் இங்கே இடம்பெற வேண்டும் என்று பேசினார். அவர்கள் இங்கில்லாமைக்குக் காரணம் அவர்களுக்கு வாய்ப்புத் தரப்படாமையே என்றும் சொன்னார். தம் புகழைக் கேட்க வந்த அவையில் பிறர் உரிமையைப் பேசுவது எளிதன்று. 1971 இல் பேஜுக்கு இடம் தந்தபோது முதலில் தனிப் பகுதி ஒன்றை எண்ணினர். எதிர்ப்பு எழுந்தபின் அதைக் கைவிட்டுப் பொதுக் கூடத்திலேயே சேர்த்தனர்.

எண் என்பது வெறும் எண்ணன்று என்பதற்கு ஹாங்க் ஆரோனின் வாழ்வு சான்று. 1974 ஏப்ரல் 8 இல் தம் 715 ஆவது ஹோம் ரன்னை அடித்து அவர் ரூத்தைக் கடந்தார். அதற்கு முந்திய மாதங்களில் அவருக்கு வந்த வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் எண்ணிலடங்கா. வெள்ளையர் ஒருவரின் எண்ணைக் கறுப்பர் கடக்கலாகாது என்பதே அவற்றின் சாரம். 755 என்னும் தொகையோடு 1976 இல் அவர் ஓய்வு பெற்றார். அத்தொகையையும் கடந்து 762 அடித்தவர் பாரி பாண்ட்ஸ். ஊக்க மருந்து பற்றிய ஐயத்தால் 2022 வரை நடந்த பத்து வாக்கெடுப்புகளிலும் அவருக்கு மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை. எண்ணைக் கேட்பதோடு, அது வந்த வழியையும் கேட்கவேண்டியிருக்கிறது.

திரும்பும் வழியில் காரின் பின்னிருக்கையில் பேரன் உறங்கினான். நமக்கு உறக்கம் வரவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் படித்த ஒரு பையன் நினைவில் வந்து நின்றான். தந்தையை இழந்தவன். தாய் மீன் விற்பவர். விடியுமுன் துறையிலிருந்து கூடை சுமந்து சந்தையில் சேர்த்துவிட்டு, தாமதமாக வகுப்புக்கு வருவான்; சந்தை நாளில் வரவே மாட்டான். ஆயினும் வெண்பாவைப் படித்துக் காட்டினால் தளை தட்டும் இடத்தைக் காதால் கேட்டே சொல்லிவிடுவான். அப்படிச் சொல்லக்கூடியவர் அவ்வகுப்பில் வேறெவரும் இலர். தேர்விலோ பாதித் தாள் வெறுமையாக இருக்கும். நாற்பத்தொருவரில் நாற்பத்தொன்றாம் இடம் என்று அட்டையில் எழுதினோம். திருந்தட்டும் என்று எண்ணி, கடைசி இடத்தையும் உரக்கப் படித்தோம். அவன் தலை நிமிரவில்லை. ஆண்டிறுதி அட்டையைப் பெற்றுக்கொள்ள அவன் வரவில்லை. அதன்பின் பள்ளிக்கே வரவில்லை.

நம் கூட்டலில் பிழை இருந்ததா? இல்லை. வருகைப் பதிவேடு நம் மேசையிலேயே இருந்தது. அதை ஒருமுறை புரட்டியிருந்தால், அவன் ஆடிய ஆட்டங்கள் எத்தனை, நாம் ஆடவிட்டவை எத்தனை என்பது விளங்கியிருக்கும். இப்னு ஸல்லாம் தம் ஏட்டில் எழுதிய அந்த ஒரு வரியை நாம் அந்த அட்டையில் எழுதவில்லை. அக்குறை நம்முடையது, அதைப் பிறர்மேல் ஏற்றுவதற்கில்லை.

மறுநாள் பேரனிடம் நம் தீர்ப்பைச் சொன்னோம். முதல் தரத்தில் நால்வர்: பேப் ரூத், வில்லி மேஸ், ஜோஷ் கிப்சன், பந்து வீச்சில் 417 வெற்றிகளும், எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தராமல் முடித்த 110 ஆட்டங்களும் கண்ட வால்டர் ஜான்சன். இரண்டாம் தரத்தில் நால்வர்: ஆரோன், வில்லியம்ஸ், காப், தம் 42 ஆம் வயதில்தான் பெரிய லீக்கில் நுழைய வழி கிடைத்த சாச்சல் பேஜ். ஒரே தரத்தில் உள்ளவருக்குள் முன்பின் இல்லை. பேரன் முகம் சுளித்தான். "நாலு பேரும் முதல்னா அது பட்டியலே இல்லை நன்னா. அப்போ ஓதானி எங்கே?" என்றான். ஜப்பானியராகிய ஷோஹெய் ஓதானி ரூத்தைப் போலவே வீச்சும் அடியும் ஒருங்கே கைவந்தவர். ஆட்டம் முடியாதவரைத் தரம் பிரிப்பதில்லை என்று சொல்லித் தப்பினோம். 2025 அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் அவர் பத்துப் பேரை வீச்சால் வெளியேற்றி, மூன்று ஹோம் ரன்களும் அடித்தார். பேரன் தொலைபேசியில் அழைத்து, "இப்பவாவது தரம் சொல்லுங்க" என்றான். இன்னும் சொல்லவில்லை.

அவன் தன் எண் வரிசையை விட்டுவிடவில்லை. ஆனால் நாம் ஊர் திரும்பும் நாளில் பார்த்தோம்: இரண்டாம் இடத்தில் கிப்சனின் பெயரை எழுதி, அதன் அருகே சிறிய எழுத்தில், இவரை விளையாட விடவில்லை என்று குறித்திருந்தான்.

நம் பள்ளியிலும் தர அட்டை இன்றும் உண்டு. அதை ஒழிக்கும் அதிகாரம் நமக்கில்லை. இடத்தை உரக்கப் படிப்பதை மட்டும் நிறுத்திவிட்டோம். அட்டை எழுத அமரும்போது, வருகைப் பதிவேட்டையும் எடுத்து அருகில் திறந்து வைத்துக்கொள்கிறோம்.